கூற்று வேறு, குரல் வேறு

தமிழ்த் திரையிசையின் பெண் குரல்களைப் பற்றி நம் கலைப்பீடத்தார் பேசும்போது ஓர் ஒழுங்கு தவறாது பின்பற்றப்படுவதைக் காணலாம். முதலில் பி. சுசீலாவின் பெயர் வரும், அடுத்து எஸ். ஜானகி, பின்னர் வாணி ஜெயராம். இம்மூவரையும் பற்றிப் பேசுங்கால் "சாரீரம்", "பாவம்", "சங்கீத ஞானம்" முதலிய சொற்கள் தாமாகவே வந்து சேரும். எல். ஆர். ஈஸ்வரியின் பெயர் வருமாயின் அது ஒரு சிரிப்போடு வரும். "அவருடையது வேறு வகை" என்பர். அவ்வேறு வகை யாது, அது எவ்வாற்றால் தாழ்ந்தது என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுவது.

என் வாதம் இதுதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிப்பதிவுக் கூடத்திற் பணிபுரிந்த ஒரு பாடகியின் கலையை, அக்கலையை அளக்க வேண்டிய கோலால் நாம் அளக்கவில்லை. அவர் எந்தப் பெண்ணுக்காகப் பாடினார், அந்தப் பெண் திரையில் என்ன உடை அணிந்திருந்தாள், எங்கே ஆடினாள் என்பவற்றைக் கொண்டு அளந்தோம். இது பாடகிக்கு இழைக்கப்பட்ட அநீதி மட்டுமன்று. இலக்கியம் பயில்வோராகிய நமது திறனாய்வுக்கும் இழுக்கு. மன்னார்க் கரையைச் சேர்ந்த எம்மைப் பொறுத்தவரை இதனால் நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் வரலாற்றை நேர்செய்துகொள்வோம். அவரது இயற்பெயர் லூர்துமேரி ராஜேஸ்வரி. 1939ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். தாயார் திரைப்படங்களுக்குக் கோரஸ் பாடியவர். மகளும் அவ்வழியே ஒலிப்பதிவுக் கூடத்தினுட் புகுந்தார். 1954இல் வெளிவந்த 'மனோகரா' படத்திற் கோரஸ் குழுவிலே அவரது குரலும் ஒன்று. 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் அவரைத் தனித்துப் பாடவைத்தார். எம். எஸ். ராஜேஸ்வரி என்னும் பாடகி முன்னரே புகழ்பெற்றிருந்தமையால் ராஜேஸ்வரி என்ற பெயர் ஈஸ்வரியாகச் சுருங்கியது. 1961இல் 'பாசமலர்' படத்தில், மணப்பெண்ணைத் தோழியர் அழைத்துச் செல்லும் பாட்டு, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் அவர் குரலிலே வெளிவந்தது. அதன் பின்னர் தமிழர் திருமண வீடுகளில் அக்குரல் ஒலியாத நாள் அரிது.

தொடர்ந்து 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1968இல் 'பணமா பாசமா', 1969இல் 'சிவந்த மண்', 1972இல் 'வெள்ளி விழா', 1974இல் 'அவள் ஒரு தொடர்கதை' என்று அவர் பாட்டுக்களின் வரிசை நீளும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் பாடினார். திரைக்கு வெளியே அவர் பாடிய அம்மன் பாடல்கள் தமிழ் வழங்கும் ஊர்களின் கோயில் ஒலிபெருக்கிகளையெல்லாம் நிறைத்தன. நீண்ட இடைவெளியின் பின்னர், 2011இல் 'ஒஸ்தி' படத்திலே தமனின் இசையிற் பாடினார்; 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் பாடினார். 78 சுழற்சி இசைத்தட்டிலே தொடங்கி, நெடுந்தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு ஆகியவற்றைக் கடந்து, கைத்தொலைபேசி வரை வந்த குரல் அது. இத்தனை ஊடக மாற்றங்களையும் தாண்டி நின்ற குரலை "வேறு வகை" என்ற இரு சொற்களால் ஒதுக்கிவிட முடியுமா?

இனி, அக்குரல் மீது சுமத்தப்படும் முதற் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். "அவர் பாடியவை களியாட்ட விடுதிப் பாட்டுக்கள், கவர்ச்சிப் பாத்திரங்களின் பாட்டுக்கள்" என்பது அது. தமிழிலக்கியம் பயின்றோர் இதனைச் சொல்வதுதான் எனக்கு வியப்பளிக்கின்றது. அகப்பாடல்களைப் படிக்கும்போது நாம் முதலில் கற்றுக்கொள்வது என்ன? பாட்டு யார் கூற்று என்று காண்பதே. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று என்று வகுத்துக் காண்கின்றோம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு காதற்பரத்தை கூற்று. பாடியவர் ஆலங்குடி வங்கனார். தன் வீட்டுக்கு வரும்போது பெருமை பேசிவிட்டு, மனைவியின் வீட்டிலே அவள் விரும்பியபடியெல்லாம் ஆடும் ஆடவனைப் பரத்தை எள்ளி நகையாடும் பாட்டு அது. அதனைப் பாடியமையால் வங்கனாரின் தரம் தாழ்ந்துவிட்டதென்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. விரிவுரை மண்டபத்தில் நாம் அதனை நயந்து படிக்கின்றோம். பரீட்சையில் அதற்கு விளக்கம் எழுதிப் புள்ளியும் பெறுகின்றோம். அதே பரத்தை இருபதாம் நூற்றாண்டின் திரையிலே தோன்றி, ஒரு பெண்ணின் குரலில் ஆடவரை எள்ளும்போது மட்டும் நமக்குக் காது கூசுகின்றது.

ஈஸ்வரியின் பாட்டுக்களைக் கூற்று வகையால் வகுத்துப் பாருங்கள். 'பாசமலர்' பாட்டு தோழி கூற்று. 'வெள்ளி விழா'வில் வி. குமாரின் இசையில் அவர் பாடியது மனைவி கணவனோடு தாழ்ந்த குரலிற் பேசும் பாட்டு. கவர்ச்சிக் குரல் என்று பெயர் சூட்டப்பட்ட அதே குரல், இங்கே மூச்சுக்கும் ஒலிக்கும் இடையிலே நின்று ஒரு வீட்டின் அமைதியை உண்டாக்குகின்றது. 'பணமா பாசமா'வில் தெருவிலே பழம் விற்றுப் பிழைக்கும் பெண்ணின் கூற்று. அங்கே குரலிற் சந்தைக் கூச்சலின் வெட்டும் துடுக்கும் உண்டு. 'அவள் ஒரு தொடர்கதை'யில், பாலச்சந்தரின் கதையமைப்பில், ஊராரின் ஒழுக்க விதிகளை நம்ப மறுக்கும் இளம்பெண்ணின் கூற்று. இந்நான்கும் நான்கு பெண்கள். நால்வரையும் ஒரே தொண்டை வேறுவேறாகப் படைத்துக் காட்டுகின்றது. இது கலையன்றெனின், கலை என்பது யாது?

கூற்றைக் கூறுபவளின் நெஞ்சமாகவே கொள்ளும் பிழை நமக்குப் புதிதன்று. புகார்க் கடற்கரையிலே கோவலன் செய்த பிழையும் அதுவே. கானல்வரியில் மாதவி யாழை வாங்கி, தானும் வேறொரு கருத்துடையவள்போல் நடித்துப் பாடினாள். கோவலன் அப்பாட்டை அவள் உள்ளத்தின் உண்மையென்று கொண்டான், எழுந்து போனான். அந்த ஒரு தவறான கேள்வியிலிருந்து காப்பியத்தின் பெருந்துயர் தொடங்குகின்றது. சிலப்பதிகாரத்தைப் பாடமாகக் கற்பிக்கும் துறையினர் கோவலனின் காதோடு பாட்டுக் கேட்பது பொருந்துமா?

எங்கள் மன்னார்க் கூத்து மரபு இவ்விடயத்தில் நம்மிலும் தெளிவுடையது. மூவிராசாக்கள் நாடகத்தில் ஏரோது அரசனாக வருபவரை ஊரார் குழந்தைக் கொலைகாரர் என்று ஒதுக்குவதில்லை. விடியும்வரை அட்டகாசம் செய்து ஆடியவர் அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்து முன்வரிசையிலே முழந்தாட்படியிடுகின்றார். ஞானசவுந்தரியாக ஆடும் ஆண்மகன் மறுநாள் கரைவலை இழுக்கச் செல்கின்றார். வேடம் வேறு, ஆள் வேறு என்பதை வாடியிலே கருவாடு காயவைக்கும் எங்கள் கிழவியர் அறிவர். பட்டம் பெற்ற நாம் அறியோம்.

இரண்டாவதாக, பழியைப் பங்கிடும் முறையை நோக்குவோம். திரைப்பாட்டு ஒருவரின் படைப்பன்று. சொல்லை எழுதியவர் ஓர் ஆண். மெட்டை அமைத்தவர் ஓர் ஆண். காட்சியைத் திட்டமிட்டவரும் முதலிட்டவரும் ஆண்களே. அவர்கள் கவியரசர், மெல்லிசை மன்னர், இயக்குநர் சிகரம் என்று பட்டங்கள் பெற்றனர். பாட்டிலே விரசம் இருந்தால் அது மட்டும் பாடியவளின் பெயரிலே எழுதப்பட்டது. 1972இல் வெளிவந்த 'வசந்த மாளிகை'யில் ஒரு பாட்டு உண்டு. மதுவில் மூழ்கிய நாயகனுக்கு ரி. எம். சௌந்தரராஜனும், உடன் ஆடும் பெண்ணுக்கு ஈஸ்வரியும் பாடினர். ஒரே இசைத்தட்டு, ஒரே மெட்டு, ஒரே களியாட்டம். குடிகாரனுக்காகப் பாடிய குரலை நாம் குடிகாரக் குரல் என்று சொன்னோமா? சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சௌந்தரராஜன் பெருங்கலைஞர், 2003இல் பத்மசிறீ விருது பெற்றவர். ஆனால் ஆடியவளுக்காகப் பாடிய குரலுக்கு மட்டும் "கிளப் பாட்டுக்காரி" என்ற பட்டம் நிலைத்தது. ஒரு பாட்டின் ஆண் பாதி கலையாகவும் பெண் பாதி கறையாகவும் ஆனது எப்படி? இதற்கு இசையிலக்கணத்தில் விடை இல்லை. நம் வீடுகளிலே நிலவும் இரட்டை நியாயத்தில் உண்டு.

இந்த இரட்டை நியாயம் கடலுக்கு அப்பால் மட்டும் உள்ளதன்று. ஈழத்திலே அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பைலாவின் தாளத்தையும் கிற்றாரையும் தமிழோடு இணைத்துப் பாடினர். அதனை ஈழத்து இசையின் புதுமை என்று நாம் பெருமையோடு எழுதுகின்றோம்; நியாயமே. ஆயின் அதே காலத்தில், மேலைத் தாளத்தையும் அராபியச் சாயலையும் தமிழ்ப் பாட்டிலே குரல்கொண்டு நிலைநிறுத்திய பெண்ணைப் பற்றி எழுத நேரும்போது "மேனாட்டு மோகம்" என்று சொல்லுகின்றோம். துள்ளல் ஆடவரிடம் புதுமை, பெண்ணிடம் ஒழுக்கக்கேடு என்பதா நம் அளவுகோல்?

இங்கே மறுப்பாளர் இருவரைச் சந்திக்க வேண்டும். முதலாமவர் முற்போக்காளர். "வணிகச் சினிமா மக்களை மயக்கும் கருவி, அதன் பாடகியை ஏன் கொண்டாட வேண்டும்?" என்பார். வணிகச் சினிமாவை விமர்சிப்பதில் எனக்குத் தடையில்லை. 'சிவந்த மண்' படத்திலே ஆடுபவள் மீது சாட்டை வீசப்படும் காட்சியை நான் நியாயப்படுத்த மாட்டேன். பெண்ணின் வலியைக் கேளிக்கையாக்கும் காட்சி அது. ஆனால் அவ்விமர்சனம் காட்சியை அமைத்தவரை நோக்கிச் செல்லட்டும். சாட்டையொலிக்கு நடுவே தாளம் பிசகாது, அச்சத்தையும் செருக்கையும் ஒருங்கே குரலிற் கொணர்ந்தவளிடம் போய் ஏன் கணக்குக் கேட்கின்றோம்? மேலும், சினிமா ஆய்வுக்குரியதன்று என்று இந்நாட்டில் இனியும் எவரும் சொல்ல இயலாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பூடகமாக ஆராய்ந்து 1981இலேயே நூல் வெளியிட்டுவிட்டார்.

இரண்டாமவர் பக்தர். "பின்னாளில் அம்மன் பாடல்கள் பாடித் தம் குரலைத் தூய்மைப்படுத்திக்கொண்டார்" என்று அவர் ஈஸ்வரிக்காகப் பரிந்து பேசுவார். இப்பரிவையும் நான் மறுக்கின்றேன். இந்தித் திரையிசையிலே ஆஷா போஸ்லேக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். நாற்பதுகளிலிருந்து பாடிவந்தவரை, ஹெலனின் ஆடல்களுக்குப் பாடியவர் என்று நெடுங்காலம் ஒரு படி கீழே வைத்தனர். 1981இல் 'உம்ராவ் ஜான்' படத்திலே கஸல்களைப் பாடிய பின்னரே தேசிய விருது வந்தது. "இப்போதுதான் கலைஞரானார்" என்பதுபோற் பேசினர். அவர் அன்று திடீரெனக் கலைஞராகவில்லை. கேட்டவர்களின் காதுதான் அன்று திறந்தது. ஈஸ்வரியை அம்மன் பாட்டினால் மன்னிக்க முன்வருவோரும் அவ்வாறே. மன்னிப்பதற்கு அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. மாரியம்மனை அழைக்கும்போது அக்குரலிலே எழும் வேகம், பழக்காரியின் பாட்டிலே எழுந்த அதே வேகந்தான். ஒன்றைப் போற்றி மற்றதைப் பழிப்பவர் இரண்டையும் கேட்கவில்லை.

இனி, மன்னாருக்கு வருவேன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். கப்பலும் புகைவண்டியும் இணைந்து ஓடிய காலத்திலும், அவை நின்றுபோன காலத்திலும், அலைகளின்மேல் தடையின்றிப் பயணஞ்செய்தது வானொலி. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை என்று கருதி அவற்றை அகில இந்திய வானொலியிலிருந்து பெரிதும் ஒதுக்கினார். 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி அவ்வெற்றிடத்தை நிரப்பியது. 1957இல் இந்தியாவும் விவித் பாரதியைத் தொடங்க நேர்ந்தது. மயில்வாகனன் முதலாய அறிவிப்பாளர்களின் புகழைப் பாக்கு நீரிணையின் இரு கரைகளும் அறியும். அப்புகழுக்கு அடித்தளமாயிருந்தவை இன்று நாம் தரம் பிரித்துத் தள்ளும் இதே பாட்டுக்களே. இலங்கை வானொலியைப் பெருமையாகப் பேசிக்கொண்டு, அது ஒலிபரப்பிய குரலை மட்டும் இழிவாகப் பேசுவது எங்ஙனம்?

எங்கள் கரையிலே லூர்து மேரி என்ற பெயர் அயற்பெயரன்று. மடுமாதா திருத்தலத்தை நோக்கி ஆடி, ஆவணித் திருநாள்களில் மக்கள் திரளும் மாவட்டத்தில் அது வீட்டுப் பெயர். அப்பெயருடைய ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் குரலே எங்கள் அயலிலுள்ள அம்மன் கோயில்களில் ஆடி மாதத்து விடியலை எழுப்புகின்றது. கோயிலில் அதைக் கேட்பவர் பாடகியின் ஞானஸ்நானப் பதிவைக் கேட்பதில்லை. கோயிற் பாட்டும், கலியாண வீட்டுப் பாட்டும், மீன் ஏற்ற வரும் லொறியின் பாட்டும் ஒரே குரலில் வருவது எங்களுக்கு இயல்பாயிற்று. சமயங்கள் பக்கத்திற் பக்கத்தில் வாழும் ஒரு கரையின் பண்பாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் இதனைக் காணாது விடலாமா?

ஆயினும் விட்டுவிட்டோம். சென்ற ஆண்டு, நான் பயிலும் துறையிலே ஆய்வுக் கட்டுரைக்கு "மன்னார்க் கரையோரப் பெண்களின் கேள்வி அனுபவத்தில் எல். ஆர். ஈஸ்வரியின் பாடல்கள்" என்ற தலைப்பை முன்வைத்தேன். "தரமான தலைப்பொன்றைக் கொண்டு வாரும்" என்று பதில் வந்தது. நான் நொந்தது தலைப்பு மறுக்கப்பட்டமைக்காக அன்று. அத்தலைப்பைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் மூப்படைந்துகொண்டிருக்கின்றார்கள் என்பதற்காகவே. மின்கல வானொலியைச் சுற்றி முற்றத்தில் அமர்ந்து கேட்ட பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். 1990இல் போர் எங்கள் ஊர்களைக் கலைத்தது. சிலர் மடுவுக்கும் சிலர் படகேறி இராமேசுவரத்துக்கும் ஓடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போனவர்கள் இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் தூக்கிக்கொண்டா போனார்கள்? எஞ்சியிருப்பது நினைவு ஒன்றே. எந்தப் பாட்டை எந்த வேளையிற் கேட்டோம், எந்தப் பாட்டு வந்ததும் தகப்பனார் வானொலியை நிறுத்தினார், நிறுத்திய பின் அடுப்படியில் அதை யார் வாய்க்குள் முணுமுணுத்தார் என்பனவெல்லாம் அந்த நினைவிலேதான் உள. ஒரு பெண் எதைக் கேட்க அனுமதிக்கப்பட்டாள், எதைத் திருட்டுத்தனமாகக் கேட்டாள் என்பது சமூக வரலாறு அன்றோ?

இவ்விடத்தில் நம் முன்னோடி ஒருவரை நினைவூட்டுவது பொருந்தும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே மன்னார் நாட்டுப் பாடல்களையும், மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்துக்களையும் அச்சிற் பதிப்பித்தார். அன்று கற்றோர் பலருக்கு அவை பாமரரின் கூச்சலாகவே தோன்றின. பல்கலைக்கழகம் கைகொடுத்தமையால் அவை பிழைத்தன. இன்று நாம் அவற்றைப் பாடமாகப் படிக்கின்றோம். அன்று அவர் ஊரூராய்ச் செல்லத் துணிந்தார். இன்று நாம் நம் பாட்டிமாரின் வாசல்வரைகூடச் செல்லத் தயங்குகின்றோம்.

எனவே சங்கத்தாரிடமும் துறையினரிடமும் மூன்றை வேண்டுகின்றேன். ஆண்டு விழாப் பாட்டுப் போட்டிகளில் திரைப்பாடல்களை ஒட்டுமொத்தமாக விலக்கும் விதிகள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அவை மீளாய்வு செய்யப்படட்டும். நன்றும் தீதும் பாட்டுக்குப் பாட்டு ஆராயப்படட்டும். ஈஸ்வரி முதலிய பின்னணிப் பாடகியரின் ஒலிப்பதிவு வரலாறு இளங்கலை ஆய்வுக்குத் தகுந்த பொருளென்று ஏற்கப்படட்டும். மூன்றாவதும் முதன்மையானதும் இது: வருகின்ற விடுமுறையிலே தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு என்று கரையோரமாகச் சென்று, மூத்த பெண்களின் கேள்வி நினைவுகளைப் பதிவுசெய்ய மாணவர் குழுவொன்று அமைக்கப்படட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி.

இவ்வேண்டுகோளை ஏற்க மறுப்போர் காரணம் கூறி மறுக்கட்டும். ஈஸ்வரியின் பாட்டொன்றை எடுத்து, அதன் சுருதியிலோ தாளத்திலோ பாவத்திலோ குறை இதுவென்று காட்டட்டும். நான் கேட்கச் சித்தமாயுள்ளேன். சிரிப்பை மட்டும் இனி வாதமாக ஏற்பதற்கில்லை.